பிளட் பைத்தான் வாங்கலாமா?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். பதினான்கு மாதங்களாக ஒரு பால் பைத்தான் (ball python என்னும் வெளிநாட்டு மலைப்பாம்பு) வளர்த்து வருகிறேன். அதை முறைப்படி பதிவும் செய்திருக்கிறேன். கோயம்புத்தூரில் உள்ள ஒருவர், தம்மிடம் முட்டையிலிருந்து பொரித்த பிளட் பைத்தான் (blood python என்னும் தடித்த வெளிநாட்டு மலைப்பாம்பு) குட்டி ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். அது முரட்டுப் பாம்பு, புதிதாகப் பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஆகாது என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். எங்களுடையது ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடு. என் அனுபவத்துக்கு இந்தப் பாம்பு ஏற்றதா, டாக்டர்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இந்தக் கோடைக்கு முன்னால் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. உங்கள் நண்பர்கள் சொல்லும் முரட்டுக் குணத்தை விட, உங்கள் ஊர் வெயிலும் உங்கள் வீட்டுக் கூரையும்தான் எனக்குக் கவலை தருகின்றன.

முதலில் அந்தக் கெட்ட பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மலாய்த் தீபகற்பத்திலும் கிழக்குச் சுமத்ராவிலும் காட்டில் பிடிபட்டு, மூட்டையில் நாட்கணக்கில் அடைபட்டு, உண்ணியும் குடற்புழுவுமாக வந்து சேர்ந்த பாம்புகளைக் கையாண்டவர்கள் சொல்லிச் சொல்லிப் பரவிய பெயர் அது. வளர்ப்பில் பிறந்து, சிறு வயதிலிருந்தே மனிதக் கைக்குப் பழகிய குட்டிகள் பெரும்பாலும் அடக்கமாகவே வளர்கின்றன. ஆனாலும் பால் பைத்தானுக்கும் இதற்கும் பழக்கத்தில் வேறுபாடு உண்டு. உங்கள் பால் பைத்தான் பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இது பயந்தால் உடலைத் தட்டையாக்கி, துருத்தி ஊதுவதுபோல் கனத்த மூச்சு விட்டு எச்சரித்த பிறகு சட்டென்று திரும்பும். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் கையை வெடுக்கென இழுக்காமல் பொறுமையாக விலக்குவதற்கு நீங்கள் பழக வேண்டும். தூக்கும்போது உடல் முழுவதையும் இரண்டு கைகளிலும் தாங்க வேண்டும். நடு உடலைப் பிடித்துத் தொங்கவிட்டால் விழுந்துவிடுவோம் என்ற அச்சத்திலேயே அது கடிக்கும். நாலைந்து அடி நீளத்திலேயே ஆறேழு கிலோ எடை வைக்கும் பாம்பு அது. நன்கு வளர்ந்த பெண் பால் பைத்தான் இரண்டு கிலோவைத் தொட்டாலே பெரிது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி வெயிலுக்கு வருகிறேன். இந்தப் பாம்பின் சொந்த இடம் சதுப்பு நிலமும் நீரோடைக் கரையும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களும்தான். பகலெல்லாம் ஈரமான சருகுக்குள் அசையாமல் புதைந்து கிடந்து, இரவில் அந்த வழியே போகும் எலிக்காகக் காத்திருப்பது அதன் வாழ்க்கை. பெட்டிக்குள் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருந்தால் அதற்குப் போதும். ஒரு மூலையில் 30 டிகிரி வரை இருக்கலாம். 32 டிகிரியைத் தாண்டி நாள் முழுவதும் நீடித்தால் அது தளர ஆரம்பித்துவிடும். பாலக்காட்டில் மாசி பிறந்ததும் வெயில் ஏறி, பங்குனி, சித்திரையில் 40 டிகிரியைத் தொடுவதை நீங்களே அறிவீர்கள். குளிர்நாடுகளில் எழுதப்படும் வளர்ப்புக் குறிப்புகள் எல்லாம் பாம்பைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்றே பேசுகின்றன. உங்கள் ஊரில் அதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் முழு வேலையும்.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. ஒரு சித்திரை மாதத்தில், தகரக் கூரை வீடு ஒன்றிலிருந்து இதே இனத்துப் பாம்பை என்னிடம் கொண்டுவந்தார்கள். மூன்று நாட்களாகத் தண்ணீர்த் தொட்டியை விட்டு வெளியே வரவில்லை என்றார்கள். பாம்புக்குக் குளிக்கப் பிடிக்கிறது என்று நினைத்திருந்தார்களாம். வாய் சற்றே திறந்திருந்தது, மூக்குத் துளையில் நுரை தெரிந்தது, புரட்டிவிட்டால் தானாகத் திரும்ப அதற்குத் தெம்பில்லை. பெட்டியின் மேல் மூலையில் வெப்பமானி ஒட்டியிருந்தது, ஆனால் அதன் எண்ணை யாரும் படித்திருக்கவில்லை. அன்றிரவே அது இறந்துவிட்டது. அந்த வீட்டார் அக்கறையில்லாதவர்கள் அல்லர் என்பதால்தான் இன்றும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஈரப்பதத்தைப் பொறுத்தவரை 60 முதல் 70 சதவீதம் வேண்டும். மழைக்காலத்தில் உங்களுக்குச் சிரமம் இராது. கார்த்திகை, மார்கழியில் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்றுதான் தொல்லை கொடுக்கும். அப்போது சட்டை முழுதாக உரியாமல் துண்டு துண்டாகக் கண்ணிலும் வாலிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு அஞ்சிப் பெட்டியில் தண்ணீரை ஊற்றிச் சொதசொதவென்று வைத்துவிட்டால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும், நெஞ்சில் சளி கட்டும். பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை உப்புப் போக நன்றாக அலசி, பிழிந்து, கையில் பிடித்தால் நீர் சொட்டாத பதத்தில் கனமாகப் பரப்புங்கள். வாயகன்ற மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, பாம்பு நுழைய விளிம்பில் வழிவிட்டு, அதன் வெளிப்புறத்தை மட்டும் தினமும் நனைத்து வந்தால், ஈரத்தோடு குளிர்ச்சியும் சேர்ந்து கிடைக்கும்.

இரை விஷயத்தில் பாசம் காட்டாதீர்கள். வளர்ந்த பாம்புக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஓர் எலி போதும். அது எப்போதும் பசித்திருப்பதுபோலவே தோன்றும், கொடுத்தால் மறுக்காது, ஆனால் கொழுப்பேறிச் சீக்கிரமே செத்துப்போகும். மலம் கழிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனாலும், உடல் வீங்காமல் சுறுசுறுப்பாக இருந்தால் பதற வேண்டியதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. குட்டையான தடித்த உடல், சிறிய வால், பழுப்பும் சிவப்புமான திட்டுகள், மூச்சுச் சத்தம் என எல்லாவற்றையும் டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிற ஒருவருக்கு அது கண்ணாடி விரியனாகத்தான் தெரியும். பெட்டியிலிருந்து ஒரு முறை தப்பினால் வரப்பைத் தாண்டுவதற்குள் அடித்துக் கொன்றுவிடுவார்கள். இதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று: தடித்த பாம்பைத் தினமும் கையில் எடுத்துப் பழகிய நீங்கள், தப்பிய உங்கள் பாம்பு என்று நினைத்து ஒரு விரியனைத் தொட்டுவிடக் கூடாது. எனவே பூட்டுள்ள பெட்டியே வேண்டும். தோப்பில் காணும் எந்தப் பாம்பானாலும் கை வைக்காமல், கேரள வனத்துறையின் சர்ப்பா செயலி மூலம் பயிற்சி பெற்ற மீட்பரை அழையுங்கள்.

சட்டத்தையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். பிளட் பைத்தான் வெளிநாட்டு இனம் என்றாலும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். தாய்ப்பாம்பின் பதிவையும் குட்டி பொரித்ததற்கான பதிவையும் விற்பவரிடம் கேளுங்கள். “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் பெட்டிக்குள் திணித்துக் கடத்திவரும் குட்டிகளும் “வீட்டில் பொரித்தது” என்ற பெயரிலேயே கைமாறுகின்றன. காகிதங்கள் சரியாக இருந்தாலும், வாளையாரைத் தாண்டிக் கொண்டுவருவதற்கு முன் இரு மாநில வனத்துறையிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பதினான்கு மாத அனுபவம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. இப்போதே ஒரு காலிப் பெட்டியைத் தயார் செய்து, நார்க்கழிவும் மண்சட்டியும் வைத்து, பாம்பு இல்லாமலேயே அதைப் பராமரியுங்கள். மாசி முதல் தேதியிலிருந்து சித்திரை முடியும் வரை, தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கும் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மின்சாரம் நின்ற நாட்களைத் தனியே குறியுங்கள். பிற்பகல் எண் 31-ஐத் தாண்டாமல் இருந்தால் வைகாசியில் எனக்கு எழுதுங்கள். குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அப்போது விரிவாகச் சொல்கிறேன்.