மலிவு – கடிதம்

அன்புள்ள அக்கா,

தெற்கு செர்பியாவில், நிஷ் நகரத்தில் இரண்டு வருடமாக இருக்கிறேன். ஜெர்மன் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. 300 யூரோ வாடகைக்கு இரண்டு அறை, பால்கனி. சாப்பாடு, டாக்ஸி, முடிவெட்டு எல்லாமே மலிவு. ஆனால் பேச ஆளில்லை. இங்கே யாரும் சிரிப்பதே இல்லை. குளிர்காலத்தில் விறகுப் புகை மூச்சை அடைக்கிறது. சேமிப்புக்காக இங்கேயே இருக்கட்டுமா, பெர்லினுக்குப் போய்விடட்டுமா? நீங்கள் நிஷ்ஷில் தங்கியதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘மலிவு’ 11 முறை வருகிறது. எண்ணினேன். ஒரு மனிதரின் பெயர்கூட வரவில்லை. மண்டையோட்டுக் கோபுரத்துக்கே ஒரு வரிதான்: ‘டிக்கெட் மலிவு’. கோபம் வந்தது, மறைப்பானேன்.

1809ல் செகார் குன்றுச் சண்டையில் செத்த செர்பியர்களின் தலைகளை வைத்து ஒட்டோமான் துருக்கியர் படை கட்டிய கோபுரம் அது. 952 தலைகள் பதித்தார்களாம். இன்று 58 மிச்சம். பலவற்றை உறவுக்காரர்கள் பெயர்த்தெடுத்துப் போய்ப் புதைத்துவிட்டார்கள். எது தன் அண்ணன் தலை என்று எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்? தலைகளைப் பெயர்த்தெடுத்த அந்தக் குழிகளின் முன்னால் நின்று நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் டிக்கெட்டை யோசித்திருக்கிறீர்கள்.

புகை பற்றிச் சொன்னது உண்மை. ஜன்னலை மூடுங்கள். சிரிப்பதில்லை என்பதெல்லாம் ஒரு புகாரா? காரணமில்லாமல் சிரிப்பவனை நம் ஊரிலும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

மலிவுக்கு வருகிறேன். நான் போனது 2018 செப்டம்பர். அப்போது இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். 2023 பிறந்ததோடு அந்தச் சலுகை போயிற்று. கோட்டைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடி அறை. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். இளமையில் அந்த ஊர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ரேடியோ வால்வு செய்தவர். பல்லாயிரம் பேர் வேலை பார்த்த இடம். 1992ல் பொருளாதாரத் தடை வந்தது, அடுத்த வருடம் பணவீக்கம். அப்போது அச்சடித்த 50,000 கோடி தினார் நோட்டு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு கவிஞரின் படம் போட்ட நோட்டு. உள்ளங்கையை விரித்து ஊதினார். அவ்வளவுதான் அதன் மதிப்பு என்று புரிந்துகொண்டேன். மகன் வியன்னாவில், மகள் ஸ்டுட்கார்ட்டில். நான் தங்கியது மகளின் அறை. சுவரில் பள்ளிக்கூட அட்டவணை அப்படியே ஒட்டியிருந்தது.

2011 கணக்கெடுப்பில் செர்பியாவில் சுமார் 72 லட்சம் பேர். 2022ல் 66 லட்சத்துச் சொச்சம். பிறப்பைவிடச் சாவு அதிகம். இருக்கிற பிள்ளைகளும் ஜெர்மனிக்கோ ஆஸ்திரியாவுக்கோ பஸ் ஏறிவிடுகிறார்கள். உங்கள் 300 யூரோ பால்கனியும் யாரோ ஒரு பிள்ளை காலி செய்துபோன இடமாக இருக்கலாம். அந்தப் பிள்ளை ஜெர்மனியில் வாங்கும் சம்பளத்தை நீங்கள் அவன் ஊரில் உட்கார்ந்து வாங்குகிறீர்கள். இது குற்றமில்லை. ஆனால் ஊர் மலிவாக இருக்கிறது என்று ஊர்க்காரன் சொல்லமாட்டான், தம்பி. அவன் சம்பளத்துக்கு அது மலிவில்லை. இந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு பேச ஆள் தேடினால் யார் வருவார்?

நான் போன அந்தச் செப்டம்பரில் ஊரே மிளகாய் சுடும் வாசம். சந்தையில் கை நீளச் சிவப்பு மிளகாய் மூட்டை மூட்டையாக வரும், துளிக்கூடக் காரமில்லாதது. அந்த அம்மா முற்றத்தில் தகர அடுப்பை வைத்து, தோல் கருகும்வரை சுட்டு, பானையில் போட்டு மூடி வைப்பார். ஆறியதும் உரிக்க வேண்டும். சும்மா வேடிக்கை பார்த்த என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவசரப்பட்டு உரித்துச் சதையையும் பிய்த்தேன். “பொலாகோ, பொலாகோ” என்றார். மெதுவாக, மெதுவாக. மறுநாள் அரைத்து, எண்ணெய் ஊற்றி மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். கரண்டி போன தடம் சட்டியின் அடியில் தெரிந்தால்தான் ஐவார் என்ற இந்த மிளகாய் விழுதுக்குப் பதம். நம் அல்வாக் கணக்குதான். அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் என்னைக் காட்டி “கொம்ஷினிட்சா” என்றார். அண்டைவீட்டுக்காரி. துருக்கியர் விட்டுப்போன சொல். ஒருவருக்கொருவர் பத்து வார்த்தைகூடத் தெரியாது எங்களுக்கு.

இரண்டு வருடத்தில் உங்களை யாராவது ‘கொம்ஷியா’ என்று கூப்பிட்டார்களா? திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். இல்லை, திட்டத்தான் செய்கிறேன். இரவு பதினொரு மணிக்குத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டே இந்தக் கடிதத்தை எழுதியதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த வரியை இரண்டு முறை படித்தேன்.

பெர்லினா, நிஷ்ஷா? எனக்குத் தெரியாது. பெர்லின் வாடகையை விசாரித்துக்கொண்டு முடிவு பண்ணுங்கள்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். கிளம்பும்போது அந்த அம்மா ஒரு பாட்டில் ஐவாரை என் பையில் திணித்துவிட்டு, பாட்டிலைத் தட்டிக்காட்டி ஏதோ கண்டிப்பாகச் சொன்னார். வாசலில் இருந்த பேரன் மொழிபெயர்த்தான்: “பாட்டில் திரும்பி வரணுமாம்.” அங்கே வீட்டுப் பெண்கள் காலி பாட்டில்களை நகை மாதிரி காப்பாற்றுவார்கள். அந்தப் பாட்டில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, உப்புப் போட்ட எலுமிச்சையோடு. முகவரியைத் தனியாக அனுப்புகிறேன். காலி பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு போங்கள். மூடியோடு.