வளைகுடா வேலைக்குப் போகிறீர்களா? விமானம் ஏறுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

கேள்வி: எங்க ஊர்ல ஒருத்தர் துபாய் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார். விசா, டிக்கெட், கமிஷன் எல்லாம் சேர்த்து ஒன்றே கால் லட்சம் கேட்கிறார். கட்டலாமா சார்?

பதில்: கட்டாதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய்தான். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதுவும் வங்கி வழியாக, ரசீதோடு. விசாச் செலவு முதலாளியுடையது; அதைத் தொழிலாளி தலையில் கட்டுவதை அமீரகச் சட்டமே தடுக்கிறது.

முதலில் அவருடைய ஆர்.சி. நம்பரை, அதாவது ஏஜென்ட் பதிவுச் சான்றிதழின் எண்ணைக் கேளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் அந்த நம்பரைப் போட்டால் ஏஜென்சியின் பெயர், முகவரி, லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். "சென்னையில இருக்கிற பெரிய ஏஜென்சிக்கு நான் ஆள் அனுப்புறவன்" என்பார்கள். அப்படியானால் அந்த ஏஜென்சியின் கணக்கிலேயே பணத்தைப் போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்; பேச்சு அங்கேயே நின்றுவிடும். பதிவில்லாமல் ஆள் எடுப்பது 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். லட்சக்கணக்கில் சுருட்டுகிறவனுக்கு இந்த அபராதம் டீச் செலவு. அதனால் போலீஸில் புகார் கொடுக்கும்போது மோசடிப் பிரிவையும் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி: என்னுடையது இ.சி.ஆர். பாஸ்போர்ட். விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: சென்னைக்காரர்களுக்கு இ.சி.ஆர். என்றால் மகாபலிபுரம் போகும் ரோடு. பாஸ்போர்ட்டில் அச்சாகியிருந்தால் அதற்கு அர்த்தம் வேறு: வேலைக்காகப் போகும்போது குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியவர் நீங்கள். வளைகுடாவின் ஆறு நாடுகள், மலேசியா, தாய்லாந்து உட்பட 18 நாடுகளுக்கு இது பொருந்தும். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

இந்த அனுமதியை வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்று நினைப்பதுதான் தப்பு. அனுமதி வாங்கும்போதுதான் முதலாளி யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்பது இந்திய அரசின் பதிவில் ஏறுகிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் அப்போதுதான் எடுக்கப்படுகிறது. விசிட் விசாவில் போனால் இது எதுவும் இருக்காது. சம்பளம் வராதபோது தூதரகத்துக்குப் போனால், நீங்கள் சுற்றுலா வந்தவர் என்றுதான் காகிதம் சொல்லும். விசிட் விசாவில் வேலை செய்தது உங்கள் மேல்தான் குற்றமாகும். நாள் கடந்து தங்கியதற்கான அபராதமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

பத்தாவது பாஸ் என்றால் மதிப்பெண் சான்றிதழைக் கொடுத்து இ.சி.என்.ஆர்., அதாவது இந்த அனுமதி தேவைப்படாத பாஸ்போர்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் அரசு உங்கள் வேலையைச் சோதிக்காது. எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மாதம் 1,500 திர்ஹாம் என்று ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. அதில் பேசிக் 800, மற்றது அலவன்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். மொத்தம் சரியாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி பேசிக்கை வைத்துத்தான் போடப்படும். அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் பேசிக் சம்பளம். 800-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 560 திர்ஹாம். பேசிக் 1,200 என்றிருந்தால் 840. ஐந்து ஆண்டில் 1,400 திர்ஹாம் கையை விட்டுப் போகிறது, கிட்டத்தட்ட ஒரு மாத மொத்தச் சம்பளம்.

இன்னொன்று: அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் படிவம் தமிழிலும் உண்டு. "அரபி, இங்கிலீஷ்லதான் இருக்கும், கையெழுத்துப் போடு" என்றால் நம்பாதீர்கள். தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் கையெழுத்திடுங்கள். அங்கே இறங்கியதும் நீட்டப்படும் ஒப்பந்தத்தில் தொகை குறைந்திருந்தால் கையெழுத்துப் போடாமல், இந்தப் போட்டோவோடு புகார் செய்யலாம்.

கேள்வி: கத்தாரில் கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. எல்லோரிடமும் வாங்குகிறார்கள்.

பதில்: எல்லோரிடமும் வாங்கினால் சட்டப்படி ஆகிவிடாது. கத்தாரின் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பாஸ்போர்ட்டுக்கு 25,000 ரியால் வரை அபராதம் உண்டு. ஆனால் ஒரு சந்து இருக்கிறது: தொழிலாளியே எழுதிக் கேட்டிருந்தால் வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் சேர்ந்த அன்று நீட்டும் கத்தைக் காகிதத்தில் "என் விருப்பப்படி ஒப்படைத்தேன்" என்ற தாளும் நடுவில் இருக்கும். அதில் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: அதே கத்தார்தான். வேலை மாற பழைய முதலாளியிடம் என்.ஓ.சி. (ஆட்சேபணையில்லாச் சான்று) வேண்டுமா?

பதில்: 2020 செப்டம்பரிலிருந்து வேண்டாம். வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஒரு மாதம், அதற்கு மேல் என்றால் இரண்டு மாத நோட்டீஸ்.

கேள்வி: மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. கேம்ப்பை விட்டு வெளியேறி வேறு இடத்தில் வேலை பார்க்கலாமா?

பதில்: புகார் பதியும் முன் வெளியேறாதீர்கள். நீங்கள் போன மறுநாளே கம்பெனி "ஓடிப்போனார்" என்று பதிந்துவிடலாம். சவுதியில் இதைத்தான் ஹுரூப் என்பார்கள். பாக்கி கேட்க வேண்டியவர், தேடப்படுகிறவராக மாறிவிடுவீர்கள். முதலில் தொழிலாளர் துறையில் புகார், அந்த எண், அப்புறம் மற்றது. அமீரகத்தில் 50,000 திர்ஹாம் வரையான பாக்கிக்கு அமைச்சகமே தீர்ப்புச் சொல்ல 2024 ஜனவரியிலிருந்து அதிகாரம் உண்டு. ஒப்பந்தம், வங்கி ஸ்டேட்மென்ட், கேட் பாஸ் போட்டோ மூன்றும் இருந்தால் வழக்குப் பலமாகும். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளத்திலும் பதியுங்கள். ஊரிலிருந்து குடும்பத்தாரும் பதியலாம். ஊர் திரும்ப டிக்கெட்டுக்கு வழியில்லாதவர்களுக்குத் தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது.

கேள்வி: தங்கைக்கு 26 வயது, எட்டாவது வரைதான் படிப்பு. குவைத்தில் வீட்டு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பதில்: இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு 30 வயது ஆகாமல் வீட்டு வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி கிடைக்காது. ஆன பிறகும் அரசு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். வேறு நாட்டுக்கு டூரிஸ்ட் விசா எடுத்து, அங்கிருந்து மாற்றி அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அது ஆள் கடத்தலின் வழக்கமான பாதை.

கேள்வி: பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில் பத்து லட்சம் வரும் என்கிறார்களே, எந்தச் சாவுக்கும் வருமா?

பதில்: வராது. விபத்து மரணம், விபத்தில் நிரந்தர ஊனம் இவற்றுக்குத்தான் 10 லட்சம். தூக்கத்தில் மாரடைப்பு வந்தால் அது விபத்துக் கணக்கில் சேராது. பிரீமியம் இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375. காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பாலிசிப் பிரதி ஒன்று வீட்டில், நாமினி கையில் இருக்கட்டும்.