பல்லும் வயிறும்: வாசகர் கேள்விகளுக்குப் பல் டாக்டர் பதில்கள்

கேள்வி: எனக்கு அடிக்கடி வாய்ப்புண் வருகிறது. வயிற்றில் புண் இருந்தால்தான் வாயில் வரும் என்கிறார்கள். எண்டோஸ்கோப்பி பார்க்க வேண்டுமா?

இதற்காக மட்டும் என்றால் வேண்டாம். வாய்ப்புண் வேறு, வயிற்றுப்புண் வேறு. வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியோ வலி மாத்திரையோதான் காரணம். வாய்ப்புண்ணுக்கு முதலில் பார்க்க வேண்டியது கூரான பல் முனை, தூக்கக் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, பி12 வைட்டமின் குறைவு. மணத்தக்காளிக் கீரை தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். நாள்பட்ட பேதியும் எடைக் குறைவும் கூடவே இருந்தால் குடல் டாக்டரைப் பார்க்க வேண்டும். எந்த வாய்ப்புண்ணும் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: ராத்திரியில் எதுக்களிக்கிறது. வாய் புளிப்பதால் உடனே எழுந்து பல் தேய்த்துவிடுகிறேன். ஆனாலும் பல் கூசுகிறது.

உடனே தேய்ப்பதுதான் தப்பு. பல்லின் மேல்பூச்சான எனாமல் pH 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும். pH என்பது அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கடுமை. இரைப்பை அமிலமோ 1, 2 என்ற அளவில் இருக்கும். அது பட்டுக் கொஞ்சம் இளகியிருக்கும் எனாமலை பிரஷ் சுரண்டி எடுத்துவிடும். வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள், அரை மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். மேல் முன்பற்களின் உள்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள். அமிலத் தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், கண்ணாடியில் தெரியாது. நெஞ்செரிச்சலே இல்லாதவர்களையும் அந்தத் தேய்மானத்தைப் பார்த்து வயிற்று டாக்டரிடம் அனுப்பியிருக்கிறேன். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அரை அடி கட்டை வையுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள்.

கேள்வி: பல்வலி. நல்ல மாத்திரை ஒன்று சொல்லவும்.

எந்தப் பல், எத்தனை நாளாக வலி, உங்கள் வயது என்ன, சர்க்கரையோ அல்சரோ உண்டா, எதுவுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் மாத்திரை சொல்ல மாட்டேன். பல்வலிக்கு வாரக்கணக்கில் வலி மாத்திரை போட்டு, வயிற்றில் புண்ணாகி, மலம் கறுப்பாகப் போகிற நிலையில் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடையில் சொல்லி வாங்காதீர்கள். நாளைக்கே பல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது. பல்செட் உறுத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். இந்த வயதில் பல் எதற்கு என்று நாங்களும் மிக்ஸியில் அடித்தே கொடுக்கிறோம். இப்போது மலச்சிக்கல், சோர்வு. ஜீரணத்துக்கு டானிக் ஏதாவது?

டானிக் வேண்டாம். பல்செட்டைச் சரிசெய்யுங்கள்.

"இந்த வயதில் பல் எதற்கு" என்ற பேச்சை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் அம்மா ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறார் என்று எழுதிப் பாருங்கள். குழைந்த சோறு, ரசம், தயிர், பாலில் நனைத்த பிஸ்கட். சுண்டல், அவரைக்காய், கொய்யா, கறி எல்லாம் தட்டிலிருந்து போய்விட்டன. நார்ச்சத்தும் புரதமும் அவற்றோடுதான் போயின. மலச்சிக்கலும் சோர்வும் வராமல் என்ன செய்யும்? அரைத்ததைக் கடகடவென்று விழுங்குவதால் உணவில் எச்சில் கலக்கவும் நேரமில்லை.

போன மாதம் ஒரு பாட்டி பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். கீழ்செட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன மேடு. அது அழுத்திய இடத்தில், ஈறில் அரிசி அளவுக்குப் புண். மேட்டை ராவிக் கொடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்காக அவர் எட்டு மாதம் மென்று சாப்பிடாமல் இருந்திருக்கிறார். வீட்டில் ஒருவர்கூட "வாயைத் திற, பார்க்கலாம்" என்று சொல்லவில்லை.

பல் எடுத்த பிறகு தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும். அதனால் செட் லூசாவது இயல்புதான். உள்பக்கம் புது அடுக்கு போட்டு இறுக்கலாம். ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால் புதிதாகச் செய்துவிடுங்கள். நல்ல செட்டிலும் சொந்தப் பல்லின் கால்வாசி பலம்தான் கிடைக்கும். அதனால் சிறு துண்டுகளாக நறுக்கிக் கொடுங்கள், இரண்டு பக்கப் பல்லாலும் மென்று சாப்பிடச் சொல்லுங்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். மலத்தில் ரத்தம் தெரிந்தால் பல்லைக் காரணம் சொல்லிக் காத்திருக்காமல் வயிற்று டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வாயையும் 32 முறை மெல்ல வேண்டுமா?

எண்ண வேண்டாம், கூழாகும் வரை மெல்லுங்கள். குழம்பு ஊற்றாத சோற்றை அரை நிமிடம் மென்றால் லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் மாவுச்சத்தை உடைக்கிற ருசி அது.

கேள்வி: வாய் நாற்றம். ஜீரணக் கோளாறு என்று ஆறு மாதமாகத் தினமும் கேஸ் மாத்திரை போடுகிறேன். போகவில்லை.

போகாது. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு நாற்றம் கிளம்புவது வாயில்தான். நாக்கின் பின்பகுதி, ஈறு, பல் இடுக்கு. நாக்கை வழியுங்கள், பல் கிளீனிங் செய்யுங்கள். ஆறு மாதம் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தது யார்? கடையில் சொல்லி வாங்காதீர்கள் என்று மேலேயும் எழுதியிருக்கிறேன். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையக்கூடும்.

கேள்வி: ஜீரணத்துக்காகச் சாப்பிட்டதும் பாக்கு போடுவேன். புகையிலை கிடையாது. இப்போது காரம் பட்டால் வாய் எரிகிறது. வயிற்றுச் சூடா?

வயிற்றுச் சூடு இல்லை, பாக்குதான். இன்றே நிறுத்துங்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் தரும். வாயை நன்றாகத் திறந்து, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் கன்னத்தின் உள்தோல் நார் கட்டி இறுகத் தொடங்கியிருக்கலாம். நுழைந்தாலும் சரி, இந்த வாரமே நேரில் காட்டுங்கள்.