பழைய பிக்கப்புக்குப் புதுப் பலகை

கேள்வி: ஹூஸ்டனில் இருக்கிறேன். என் 1953 செவ்ரோலே 3100 பிக்கப்பின் பின்பக்கத் தளப் பலகைகள் உளுத்துவிட்டன. என்ன மரம் போடலாம்? நானே மாற்ற முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பிரிப்பதற்கு முன் படம் எடுத்து, ஒவ்வொரு பலகையின் அகலம், தடிமனைக் குறித்து வையுங்கள். துருவேறிய போல்ட்டுகளோடு மல்லுக்கட்ட வேண்டாம். போல்ட் தலைக்குக் கீழுள்ள சதுரக் கழுத்து தேய்ந்திருந்தால் நட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், கிரைண்டரால் அறுத்துவிடுங்கள். அடியில் பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று முதலில் பாருங்கள், தீப்பொறி அங்கேதான் விழும்.

மரம்? சாமான் ஏற்றும் வண்டி என்றால் சதர்ன் எல்லோ பைன் வாங்கி, பெயின்ட் அடியுங்கள். தொழிற்சாலையில் போட்டதும் பைன்தான். மரத்தின் ரேகை தெரிய வேண்டுமென்றால் வெள்ளை ஓக். சிவப்பு ஓக் விலை குறைவு, ஆனால் அதன் நுண்துளைகள் திறந்திருப்பதால் தண்ணீரை உறிஞ்சும். வெள்ளை ஓக்கில் அவை தாமாகவே அடைபட்டிருக்கும். விஸ்கி பீப்பாய் அதில் செய்வது அதனால்தான். ஓக்கில் வெறும் இரும்பு பட்டு ஈரமானால் கறுப்புக் கறை விழும். துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடுங்கள். பலகைகளுக்கு இடையே வரும் இரும்புப் பட்டைகளுக்கு அடிப்பக்கமும் பெயின்ட் அடியுங்கள். உளுக்காமலிருக்க மருந்தேற்றிய பைன் பலகை மட்டும் வேண்டாம். பெரும்பாலும் ஈரத்தோடு வரும், காய்ந்ததும் சுருங்கும்; அந்த மருந்திலுள்ள செம்பு இரும்பையும் அரிக்கும்.

இந்த வேலையில் பலரும் கோட்டை விடுவது இடைவெளியில்தான். பழைய பலகையின் ஓரத்தைப் பாருங்கள்: படி மாதிரி வெட்டியிருக்கும். இரண்டு பலகைகளின் படிகள் மேல் இரும்புப் பட்டை உட்காரும். பட்டையின் போல்ட் மரத்தைத் துளைக்காமல் நடுவிலுள்ள சந்து வழியே கீழே இறங்கும். ஹூஸ்டன் புழுக்கத்தில் மரம் அகலவாக்கில் உப்பும். அதற்கு இடம் அந்தச் சந்துதான். அழகுக்காகப் பலகைகளை நெருக்கி அடுக்கினால் உப்பும்போது நடுவில் தூக்கிக்கொள்ளும்.

பலகையை வாங்கியதும் சில வாரம் உங்கள் ஷெட்டிலேயே அடுக்கி வையுங்கள். வெட்டு, துளை எல்லாம் முடித்த பிறகே பெயின்ட்டோ வார்னிஷோ. மேல், கீழ், ஓரம், முனை என ஆறு பக்கமும் அடிக்க வேண்டும். பின்கதவுப் பக்கத்து முனைக்குக் கூடுதலாக இரண்டு கோட். மழைத்தண்ணீர் தேங்குவதும் உளுக்கத் தொடங்குவதும் அங்கேதான்.

எல்லாப் போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருகிவிட்டு, பின்கதவு சரியாக மூடுகிறதா பாருங்கள். அப்புறம் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பட்டை வளைய ஆரம்பித்தால் கால் சுற்றுத் தளர்த்துங்கள்.