களை மண்டிய லானை அழித்துவிட்டு ஃபாலில் (இலையுதிர் காலத்தில்) புதிதாக விதைக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வீடு வாங்கியிருக்கிறோம். லானில் பாதிக்கு மேல் களைதான். மொத்தமாக அழித்துவிட்டு விதை போடலாமா? அதற்கு ஸ்பிரிங் (வசந்தம்) வரை காத்திருக்க வேண்டுமா?

பாதிக்கு மேல் களை என்றால் தயங்காமல் அழித்துவிடுங்கள். ஸ்பிரிங்குக்குக் காத்திருக்க வேண்டாம், ஃபால்தான் சரியான நேரம். நானும் இதே மாநிலத்தில் இருக்கிறேன். எங்கள் வீட்டு லானையும் இப்படித்தான் புதுப்பித்தோம். களை பாதியைவிடக் குறைவு என்றால் இவ்வளவு வேலை தேவையில்லை. களையை மட்டும் கொன்று, இருக்கிற புல்லின் மேலேயே விதை தூவினால் போதும்.

ஏன் ஃபால்? செப்டம்பரில் வெயில் தணிந்துவிடும், ஆனால் மண்ணில் சூடு இருக்கும். விதை சீக்கிரம் முளைக்கும். இங்கே பெரிய தொல்லையான கிராப்கிராஸ் என்ற களைப்புல், ஸ்பிரிங்கில் மண் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும்போது முளைத்து, முதல் உறைபனியில் செத்துவிடும். நம் ஊரில் கூட்டு வைக்கும் பருப்புக்கீரை இங்கே களையாக வளர்கிறது. அதுவும் பனிக்குத் தாங்காது. அதனால் ஃபாலில் முளைக்கும் புல்லுக்குப் போட்டி குறைவு. ஸ்பிரிங்கில் விதைத்தால் புல்லும் கிராப்கிராஸும் ஒன்றாக முளைக்கும். வேர் இறங்குவதற்குள் ஜூலை வெயில் வந்துவிடும், புல் தோற்றுவிடும்.

செப்டம்பர் நடுவில் விதை மண்ணில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே மருந்து அடிக்க வேண்டியிருக்கும். பலர் செப்டம்பரில்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள்.

நான் சொல்லும் மருந்து கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி. அது இலை வழியாகத்தான் உள்ளே போகும். வெயிலில் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும் லானில் அடித்தால் பயனில்லை. சில நாள் தண்ணீர் விட்டு, வெட்டாமல் பச்சையாக வளரவிட்டு, காற்று இல்லாத நாளில் அடியுங்கள். ஒன்று இரண்டு வாரத்தில் எல்லாம் காய்ந்துவிடும். உடனே விதை தூவாதீர்கள். செத்த லானுக்கே தொடர்ந்து தண்ணீர் விடுங்கள். மண்ணில் உறங்கிக்கொண்டிருந்த களை விதைகள் முளைக்கும், முதல் தடவை தப்பித்ததும் துளிர்க்கும். அப்போது இரண்டாவது முறை அடித்து, ஒரு வாரம் விட்டு விதையுங்கள். முழு வேலையும் இந்த இரண்டாவது தடவையில்தான் இருக்கிறது என்பேன்.

கடையில் ரவுண்டப் என்ற களைக்கொல்லிப் பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். வீட்டு உபயோகத்துக்கான ரவுண்டப்பில் கிளைஃபோசேட்டுக்குப் பதில் வேறு மருந்துகளைச் சேர்ப்பதை பேயர் நிறுவனம் 2023 முதல் தொடங்கியது. சில வகைகள் மண்ணில் மாதக்கணக்கில் தங்கி, புது விதையையும் முளைக்க விடாது. எத்தனை நாள் கழித்து விதைக்கலாம் என்று லேபிளில் இருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். ரசாயனமே வேண்டாம் என்றால் சாட் கட்டரை வாடகைக்கு எடுத்து மேல்புல்லைச் சீவி எடுக்கலாம். அது முதுகை ஒடிக்கும் வேலை, ஆனால் சிறிய இடத்துக்குச் சரிவரும்.

கோரை இருந்தால் மேலே இலை செத்தாலும் கீழே கிழங்கிலிருந்து மறுபடி வரும். புதுப் புல் வேரூன்றிய பிறகு, அடுத்த கோடையில் கோரைக்கென்று உள்ள தனி மருந்தை அடித்துக்கொள்ளலாம்.

மண்ணைக் கொத்திப் புரட்ட வேண்டாம். ஆழத்தில் கிடக்கும் களை விதைகளை நாமே மேலே கொண்டுவந்து விடுவோம். செத்த புல்லை ஒட்ட வெட்டி, ரேக்கால் வாரி, மண் இறுகியிருந்தால் மண்ணில் துளை போடும் ஏரேட்டர் ஓட்டினால் போதும். விதை மண்ணைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

விதையில் என் தேர்வு டர்ஃப் டைப் டால் ஃபெஸ்க்யூ என்ற புல் வகை. ஆழமாக வேர் விடும், கோடையைத் தாங்கும். 1,000 சதுர அடிக்கு 6 முதல் 8 பவுண்டு. முளைக்க ஒன்று இரண்டு வாரம் ஆகும். கென்டக்கி புளூகிராஸ் அழகுதான், ஆனால் முளைக்கவே இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆகலாம். பையின் லேபிளில் களை விதை எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். பூஜ்யம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், நான்கு காசு அதிகமானாலும் பரவாயில்லை.

முளைக்கும் வரை தினம் இரண்டு மூன்று முறை லேசாகத் தண்ணீர். மேல்மண் காயக்கூடாது, குட்டையாகவும் தேங்கக்கூடாது. அக்டோபரில் மேப்பிள், ஓக் இலைகள் கொட்டி இளம்புல்லை மூடிவிடும். புல் பிடுங்கிக்கொண்டு வராதபடி புளோயரால் ஊதித் தள்ளிக்கொண்டே இருங்கள். மூன்றரை அங்குலம் வளர்ந்ததும் முதல் வெட்டு, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள்.

உரத்துக்கு இங்கே சட்டம் உண்டு. 2011ல் வந்த அந்தச் சட்டப்படி, பாஸ்பரஸ் உள்ள உரத்தைப் பொதுவாக மண் பரிசோதனை இல்லாமல் லானில் போடக்கூடாது. புதிதாக விதைப்பவர்களுக்கு விலக்கு இருக்கிறது, அதனால் பாஸ்பரஸ் உள்ள ஸ்டார்ட்டர் உரம் (இளம்புல்லுக்கான தொடக்க உரம்) போடலாம். ஆனாலும் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு மண்ணை அனுப்பிப் பார்ப்பது நல்லது. புளிப்பு மண்ணாக இருந்தால் சுண்ணாம்பு போட வேண்டியிருக்கும். நவம்பர் 15க்குப் பிறகு மார்ச் 1 வரை வீட்டுக்காரர்கள் எந்த லான் உரமும் போடக்கூடாது.

அடுத்த ஏப்ரலில் ஃபோர்சித்தியா செடி மஞ்சளாகப் பூக்கும் சமயம் கிராப்கிராஸ் தடுப்பு மருந்தைப் போடுங்கள். அதற்குள் புதுப் புல்லை மூன்று நான்கு முறையாவது வெட்டியிருக்க வேண்டும்.