சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய்க்கு என்ன காரணம்?

கேள்வி: அக்கா, செம்பருத்தி, கறிவேப்பிலை, கரிசலாங்கண்ணி எல்லாம் அரைத்துப் போட்டு ஒரு லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினேன். மூன்றே வாரத்தில் சிக்கு வாடை, அடியில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. வடிகட்டித் தேய்க்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

தேய்க்காதீர்கள் தங்கச்சி. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனாலும் கொட்டிவிடுங்கள். பூஞ்சை பிடித்த எண்ணெயை மறுபடி சுட வைத்தாலும் வாடை போகாது.

நீங்கள் போட்ட இலையெல்லாம் நல்ல இலைதான், கெடுத்தது அதிலிருந்த ஈரம். பச்சை இலையை அரைத்த விழுதில் பாதிக்கு மேல் தண்ணீர். அது முழுக்க வற்றுவதற்குள் அடுப்பை அணைத்துவிட்டால் அந்த ஈரம் எண்ணெய்க்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு நாளும் கெடுக்கும். அடி கனமான இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வையுங்கள். முதலில் நுரைத்துக்கொண்டு சடசடவென்று சத்தம் வரும், அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுமை வேண்டும். அடங்கியதும் கரண்டியில் கொஞ்சம் கசடு எடுத்து, ஆறினதும் விரலில் உருட்டிப் பாருங்கள். ஒட்டாமல் மெழுகு மாதிரித் திரண்டால் பதம் வந்துவிட்டது. எங்கள் அம்மா அதோடும் விடமாட்டார், பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்து, அடுப்பை விட்டுத் தள்ளி வந்து கொளுத்துவார். படபடவென்று பொரிந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது, சத்தமில்லாமல் நின்று எரிந்தால் இறக்கலாம். ஆறும்வரை தட்டுப் போட்டு மூடாதீர்கள், தட்டில் கோத்த ஆவி திரும்ப எண்ணெயிலேயே சொட்டும். பாட்டிலையும் வெயிலில் காய வைத்த பிறகே ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்ப் பக்கம் உப்பே தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும், அப்போது இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. எதைப் போட்டுக் குளித்தாலும் முடி பிசுக்காக, கயிறு மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டிலேயே சீயக்காய் அரைத்துப் பார்க்கலாமா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தாராளமாக. சோப்பு போடுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்துங்கள், கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத அழுக்காக முடியில் படியும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது சபோனின், அது அப்படிப் படிவதில்லை.

ஒரு கிலோ சீயக்காய்க்குக் கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், கொட்டை நீக்கிய பூந்தித் தோல் 100 கிராம், பூலாங்கிழங்கு 50, வெட்டிவேர் 50. வெட்டிவேர் கடலூர்ப் பக்கத்து நொச்சிக்காடு மணலில் விளைவதே கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்! மண் போக அலசி, நன்றாகக் காய வைத்து, கத்தரியால் பொடிப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் நார் மெஷினில் சுற்றிக்கொள்ளும். சீயக்காய்க்குத் தனி மெஷின் வைத்திருக்கும் மில்லாகப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை மிளகாய் அரைத்த மெஷினிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள், அன்றைக்குத் தலை எரிந்த எரிச்சல் இன்னும் மறக்கவில்லை.

கரைப்பதற்கு அந்த போர் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீரில் சோறு வடித்த கஞ்சி இருக்கிறதே, அது போதும், முடி வறண்டும் போகாது. கடைசி இரண்டு சொம்பு மட்டும் குடிக்கிற தண்ணீரில் அலசுங்கள். கண்ணில் பட்டால் எரியும், பிள்ளைகளுக்குப் போடும்போது கவனம்.

கேள்வி: கற்றாழை ஜெல்லில் வைட்டமின் ஈ மாத்திரை கலந்தால் ஆறு மாதம் கெடாது என்கிறார்களே?
– ஒரு கல்லூரி மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

கெடும். வைட்டமின் ஈ, எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தள்ளிப் போடும், அவ்வளவுதான், கிருமியைத் தடுக்காது. கற்றாழை கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர். மடலை வெட்டி நிறுத்தி மஞ்சள் பால் வடிந்ததும் கழுவி எடுங்கள், அந்தப் பால் தோலை அரிக்கும். அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுப்பது நல்லது. மிஞ்சினால் ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள்.

கேள்வி: என் எண்ணெயை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். பாட்டிலில் அடைத்து விற்கலாமா?
– ஒரு இல்லத்தரசி, வில்லியனூர்

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் உரிமம் வாங்கிவிட்டு. 1940-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டப்படி விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் கட்டாயம், புதுச்சேரியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விசாரியுங்கள். லேபிளில் ‘முடி உதிர்வைக் குணமாக்கும்’ என்று எழுதவே எழுதாதீர்கள், அது மருந்துக் கணக்கில் போய்விடும். அது உண்மையும் இல்லை. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கி உடையாமல் காக்கும், அது நிஜம். ஆனால் இரத்தசோகையாலோ தைராய்டாலோ கொட்டுகிற முடியை எந்த எண்ணெயும் நிறுத்தாது, அப்படிக் கேட்டு வருகிறவர்களை முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள். உரிமம் வரும்வரை சும்மா கொடுக்கிற பாட்டிலிலும் காய்ச்சிய தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.