பாம்பு விஷம் மூட்டுவலிக்கு மருந்தாகுமா? வாசகர் கேள்விகள்

டாக்டர், எனக்கு முடக்குவாதம். நாகப்பாம்பு விஷப் புரதம் இதைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதற்குச் சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, பெரம்பூர்)

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். செய்தி முழுப் பொய் இல்லை. மூட்டுவாதம் வரவழைத்த எலிகளுக்கு நாகத்தின் நரம்பு நச்சைக் கொடுத்தபோது வீக்கம் குறைந்தது உண்மை. ஆனால் எலிக்குப் பலித்த எத்தனையோ மருந்துகள் மனிதருக்குப் பலிக்கவில்லை. மாத்திரையை விட்ட மாதங்களில் அரித்துப்போகும் மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

மகளுக்கு லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்). பரிசோதனைச் சீட்டில் ‘ரஸ்ஸல் வைப்பர் வெனம்’ என்று இருக்கிறது. உடம்பில் விஷம் ஏற்றுவார்களா? (ஒரு தாய், வேளச்சேரி)

பயப்படாதீர்கள் அம்மா. ரத்தம் கொடுப்பதோடு மகளின் வேலை முடிந்தது. விஷம் சேர்வது சோதனைக் குழாயில்தான். ரஸ்ஸல் வைப்பர் என்பது நம் கண்ணாடி விரியன். அதன் விஷம், ரத்தம் உறையத் தேவையான பத்தாம் காரணியை நேரடியாகத் தூண்டும். லூபஸ் உள்ள சிலருக்கு ரத்தத்தில் இருக்கும் ஒருவகை எதிர்ப்பொருள் குறுக்கே நின்று உறைதலைத் தாமதமாக்கும். குழாயில்தான் இப்படி. உடம்புக்குள் அதே எதிர்ப்பொருள் காலில் ரத்தக்கட்டி, அடுத்தடுத்த கருச்சிதைவு என்று நேர்மாறாக வேலை செய்யும். முன்பே தெரிந்தால் தடுக்க வழி இருக்கிறது, அதனால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாதிரி மருந்து சாப்பிட்டால் லேபில் சொல்லிவிடுங்கள், முடிவு மாறிப்போகும்.

தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோயைக் கண்டறியும் சோதனை ஒன்றிலும் கட்டுவிரியன் இனத்துப் பாம்பின் நச்சு பயன்படுகிறது. முடக்குவாதம், லூபஸ் போல உடம்பு தன்னையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோயாளிகளுக்குப் பாம்பு இன்று உண்மையில் உதவுவது லேபில்தான்.

விஷத்திலிருந்து மருந்தே வந்ததில்லையா? (மாணவர், தாம்பரம்)

வந்திருக்கிறது. பிரேசில் விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த ரத்தக்கொதிப்பு மாத்திரை கேப்டோப்ரில் 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாரடைப்புச் சிகிச்சையில் போடும் டைரோஃபைபான், சுருட்டை விரியனிடம் கற்ற பாடம். இரண்டிலும் விஷம் துளியும் இல்லை. அதன் புரதங்கள் வேலை செய்யும் விதத்தைப் பார்த்து வேதியியலர்கள் உருவாக்கிய சிறு மூலக்கூறுகள் அவை. ஆட்டோ இம்யூன் நோய்க்கு மருந்து வந்தாலும் இந்த வழியில்தான் வரும் என்பது என் கருத்து.

வடநெம்மேலியில் இருளர்களிடம் கொஞ்சம் விஷம் வாங்கலாமா? (வாசகர், கானத்தூர்)

கூடவே கூடாது. 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் அரசு அனுமதியோடு எடுக்கும் விஷம், பாம்புக்கடிக்கான மருந்து தயாரிப்பவர்களுக்குப் போகிறது. வேறு யாராவது ‘அசல் விஷம்’ என்று விற்க வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.